வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி: பழைய டீசல் பிக்கப்பைப் பார்த்து வாங்குவது எப்படி

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்வி தவறில்லை என்றாலும், அதற்குக் கிடைக்கும் பதிலை மட்டும் வைத்து ஒரு பிக்கப்பை எடைபோட முடியாது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில், உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு 2,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, அளவுக்கு மீறிய பாரத்தோடும் மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியபடியும் 80,000 கிலோமீட்டரைக் கடந்த வண்டியைவிடப் பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். அந்த வண்டி என்ன வேலை செய்தது, எவ்வளவு சுமந்தது, எதை இழுத்தது, எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடியது என்பவற்றின் தடயங்கள் சேசிஸிலும் ஸ்பிரிங்கிலும் புகைக்குழாயிலும் பதிந்திருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் ஓடோமீட்டர் எண் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

வண்டிகளைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

எடைக் கணக்கு

வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி என்று முடிவெடுப்பவர்கள் மறந்துவிடுவது, சரக்கும் ஆட்களும் ஒரே எடை வரம்புக்குள்தான் அடங்க வேண்டும் என்பதை. "ஒரு டன் பிக்கப்" என்ற பெயரைக் கேட்டதும், வீட்டார் அனைவரும் ஏறிய பிறகும் பின்தொட்டியில் ஒரு டன் ஏற்றலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியில்லை. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே சுமைத்திறன். ஓட்டுநர், பயணிகள், பின்னால் பொருத்திய கூண்டு, முன்பக்க இரும்புக் கம்பி, டிரெய்லர் கொக்கியில் விழும் எடை ஆகிய எல்லாம் அந்தச் சுமைத்திறனிலிருந்துதான் போகும்.

எடுத்துக்காட்டாக, மொத்த எடை வரம்பு 3,200 கிலோ, வெற்று எடை 2,150 கிலோ உள்ள ஒரு டபுள் கேப் வண்டியை, அதாவது முன்னும் பின்னும் இருக்கைகள் கொண்ட நான்கு கதவு வண்டியை, எடுத்துக்கொள்வோம். சுமைத்திறன் 1,050 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 375 கிலோ போய் 675 மிஞ்சும். கூண்டு, கம்பி, இழுவைக் கொக்கி ஆகியவற்றுக்கு 120 கிலோ கழித்தால் 555. பின்னால் 2,500 கிலோ டிரெய்லரை மாட்டினால், அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் விழும் என்ற வழக்கமான கணக்குப்படி இன்னும் 250 கிலோ குறையும். ஆக, பின்தொட்டிக்கு எஞ்சுவது 305 கிலோதான். சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ என்றால், ஆறு மூட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் 3,500 கிலோ இழுவைத்திறனையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று தனியாக ஒரு வரம்பு உண்டு. அது 6,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், டிரெய்லர் முழு 3,500 கிலோ இருக்கும்போது வண்டி 2,500 கிலோவைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வண்டியில் 350 கிலோ மட்டுமே மிஞ்சும். ஐந்து பேர் ஏறினாலே 25 கிலோ கூடிவிடும். இந்த எண்களெல்லாம் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தகட்டிலும் வண்டியின் கையேட்டிலும் இருக்கும். வெற்று எடையைக் குறிப்பிடும் முறை நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும், ஐரோப்பிய முறையில் ஓட்டுநரின் 75 கிலோ அதிலேயே சேர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உங்களுக்கு வழக்கமாக விழும் மிகப் பெரிய சுமையையும் அன்று வண்டியில் இருக்கப்போகும் ஆட்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தெந்த வண்டிகளைப் பார்க்கவே போக வேண்டாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பின்னிருக்கை

முன்னிருக்கை மட்டும் உள்ள சிங்கிள் கேப் வண்டியின் பின்தொட்டி ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம் இருக்கும். டபுள் கேப்பில் அது ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள நீட்டித்த கேப் வகை, காகிதத்தில் நல்ல சமரசமாகத் தோன்றினாலும், அதன் பின்னிருக்கை அவசரத்துக்கு உட்காரும் பலகைதான். குழந்தை இருக்கை பொருத்துவதற்கோ பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்காருவதற்கோ அது உதவாது. குடும்பம் வாரம் ஒருமுறையேனும் ஏறப்போகிறது என்றால் டபுள் கேப்பைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. நீளமான குழாய்களையும் பலகைகளையும் ஏற்றுவதற்கு மேலே ஒரு சட்டத்தைப் பொருத்திக்கொள்ளலாம். இல்லாத இருக்கையை யாரும் பொருத்தித் தர முடியாது.

பார்க்கப் போகும்போது உங்கள் குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். பிக்கப்பின் பின்னிருக்கை முதுகுப்பலகை கேபினின் பின்சுவரோடு ஒட்டி நிற்பதால், குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் இடம் கார்களில் இருப்பதுபோல் எளிதில் கைக்கு எட்டாது. சில மாடல்களில் முதுகுப்பலகையை முன்னே சாய்த்துத்தான் அந்த வளையத்தையே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கை என்றால், அதைப் பொருத்திய பிறகு முன்னிருக்கையில் ஓட்டுநர் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நடு இருக்கைக்கு மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, இடுப்புப் பெல்ட் மட்டும்தானா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் பின்வரிசை வரை நீள்கிறதா என்பவை மாடலுக்கும் ஆண்டுக்கும் மாறுபடும். ஒரே மாடலின் அடிப்படை வகையில் இல்லாத ஏர்பேக்குகள் உயர்வகையில் இருப்பதுண்டு. எனவே மாடல் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கக் கூடாது. மோதல் சோதனை நட்சத்திரங்களையும் அவை வழங்கப்பட்ட ஆண்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், 2011-இல் பெற்ற ஐந்து நட்சத்திரமும் 2022-இல் பெற்ற ஐந்து நட்சத்திரமும் ஒரே பாதுகாப்பைக் குறிக்கா.

பின்தொட்டியில் ஆட்களை ஏற்றலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதைக் கைவிட்டுவிட்டே வண்டி தேட வேண்டும்.

பயணச் சொகுசைப் பொறுத்தவரை, பெரும்பாலான பிக்கப்களின் பின்பக்கம், எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் கொண்டது. பாரமேற்றினால் அமைதியாகவும், வெறுமையாகப் போனால் குதித்துக்கொண்டும் போவது அதன் இயல்பு. 2014-இல் வந்த நிசான் நவாராவின் டபுள் கேப்பைப் போன்ற சில வண்டிகளில் பின்னாலும் சுருள் வடிவ காயில் ஸ்பிரிங் உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், பாதித் தூரம் பின்னிருக்கையில் உட்கார்ந்து வாருங்கள். அந்த இருக்கையைப் பற்றி வீட்டார் பிறகு சொல்லப்போகும் குறைகளை அப்போதே நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தத் தலைமுறை டீசல்

டீசல் இன்ஜின்களை மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் பார்ப்பது தேர்வை எளிதாக்கும். இயந்திர பம்ப் கொண்ட பழைய இன்ஜின்களில் மின்னணுப் பாகங்கள் குறைவு. எந்த மெக்கானிக்கும் திறந்து பார்ப்பார். ஆனால் சத்தமும் புகையும் அதிகம், அந்தக் காலத்து வண்டிகளில் குடும்பத்துக்கு வேண்டிய பாதுகாப்பு அம்சங்களும் குறைவு. 1997-இல் கார்களில் அறிமுகமான காமன் ரெயில் முறை அதன்பின் பிக்கப்களுக்கும் வந்தது. இதில் எரிபொருள் ஒரு பொதுக் குழாயிலிருந்து 1,600 பார், 2,000 பார் என்ற அளவிலான அழுத்தத்தில், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகிறது. இவ்வளவு அழுத்தத்தில் இயங்கும் நுண்ணிய பாகங்களுக்கு எரிபொருளில் கலந்த தண்ணீரும் தூசும் பெரும் பகை. மூன்றாவது தலைமுறையில் புகைக்குழாயில் துகள் வடிகட்டியும், பல வண்டிகளில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியாக் கரைசல் முறையும் சேர்ந்துகொண்டன.

இந்தத் துகள் வடிகட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி வாங்குபவர்கள் அதிகம் அவதிப்படுவது இதனால்தான். வடிகட்டி புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதல் எரிபொருளைச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தி, அந்தத் துகள்களை எரித்துவிடுகிறது. இதற்கு இன்ஜின் நன்கு சூடேறி, கால் மணி நேரம் போலத் தொடர்ந்து ஓட வேண்டும். காலையில் பள்ளி, பிறகு கடை, மாலையில் சந்தை என்று ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரியாமல் தங்கிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். உங்கள் அன்றாட ஓட்டம் முழுவதும் இப்படிச் சிறு தூரங்களாகவே இருக்குமானால், துகள் வடிகட்டி உள்ள டீசல் பிக்கப் உங்களுக்கு ஏற்றதன்று. பெட்ரோல் வண்டியைப் பார்ப்பதே மேல். வாரத்தில் ஓரிரு முறையாவது நெடுஞ்சாலை ஓட்டம் உண்டு என்றால் பிரச்சினை இல்லை.

விற்பவரின் ஓட்டமும் இதே அளவுகோலுக்கு உட்பட்டது. வண்டியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டையும் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், எரிப்பு பலமுறை பாதியில் நின்ற வண்டி அது. ஆயில் குறைவாக இருப்பதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அது கூடியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். டீசலில் இரண்டுமே கெட்ட அறிகுறிதான். புகைக்குழாயின் முனையில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி சரியாக வேலை செய்யும் வண்டியில் அந்த இடம் ஏறத்தாழச் சுத்தமாக இருக்கும். விரல் கரியாக வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டி எடுத்த வண்டி பல நாடுகளில் சட்டப்படி சாலையில் ஓடத் தகுதியற்றது; அதை மறுபடி பொருத்தும் செலவு உங்கள் தலையில் விழும்.

யூரியா முறை உள்ள வண்டியில், நிரப்பும் வாயைச் சுற்றி வெள்ளை உப்புபோல் கெட்டியாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கரைசல் 32.5 சதவீத யூரியாவும் மீதி தூய நீரும் கொண்டது; சிந்தினால் படிகமாகிவிடும். வாயில் சிறிது படிவது இயல்பு. பம்ப், குழாய் இணைப்புகளில் படிந்திருந்தால் கசிவு. இத்தகைய வண்டிகளில் முறை பழுதானால், இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் மறுபடி கிளம்பாது என்ற எச்சரிக்கை திரையில் வரும்; ஆகவே சாவியைத் திருப்பியதும் திரையில் வரும் எல்லாச் செய்திகளையும் பொறுமையாகப் படித்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

குளிர்ந்த இன்ஜின்

வண்டியைப் பார்க்க வருவதற்கு முன் இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைய சோதனையை ஒத்திப்போடுவது நல்லது. டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை 15 முதல் 22 மடங்கு வரை இறுக்கி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங், குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கில் பழுது, ஒழுகும் இன்ஜெக்டர் என எந்தக் குறை இருந்தாலும் அது குளிர்ந்த நிலையில்தான் வெளிப்படும். சூடான இன்ஜின் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கிளப்புவதற்கு முன் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் தொட்டியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் அடிப்பக்கம் வெண்ணிறக் குழம்பு போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஆயில் கறுப்பாக இருப்பது மட்டும் குறையாகாது. டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாளிலேயே கறுத்துவிடும். இன்ஜெக்டர்கள் உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: அங்கே கறுப்புத் தார் போல் கெட்டியாகப் படிந்திருந்தால், இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்து சிலிண்டரில் எரிந்த வாயு மேலே வருகிறது என்று பொருள். இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, முழு இன்ஜினையும் வீணாக்கும். பானெட்டுக்குள் நீராவி பீய்ச்சிப் பளபளவென்று கழுவி வைத்திருக்கும் வண்டியைவிட, சற்றே தூசி படிந்த வண்டியை நான் அதிகம் நம்புவேன். தூசியில் கசிவின் தடம் தெரியும்.

பிறகு ஒருவரைக் கிளப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். குளோ விளக்கு அணைந்ததும் ஓரிரு நொடிகளில் கிளம்ப வேண்டும். முதல் சில நொடிகள் வரும் மெல்லிய வெண்புகை உடனே மறைந்தால் கவலையில்லை. கண்ணை எரிக்கும் வெண்புகை நீடித்தால் எரியாத டீசல். இனிப்பு வாடையோடு சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்தால் கூலண்ட் எரிகிறது. நீலப்புகை என்றால் ஆயில். வேகமெடுக்கும்போது திரளும் கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிகுதி. இன்ஜின் சூடேறிய பின் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அந்தத் துளையின்மேலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி மெல்ல அதிர்ந்தால் போதும். அது தூக்கி எறியப்பட்டாலோ புகை குப்குப்பென்று வெளிவந்தாலோ பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. இன்ஜினைத் திறந்து செய்ய வேண்டிய வேலை அது. விலை எவ்வளவு குறைத்தாலும் புதிதாக வாங்குபவர் அதில் இறங்க வேண்டியதில்லை.

அடியில் படுத்துப் பார்ப்பது

பிக்கப்பின் உயிர் அதன் ஏணிச் சட்டமான சேசிஸில் இருக்கிறது. இன்ஜினை மாற்றலாம், வளைந்த சேசிஸை நேராக்கி மறுபடி பழைய வலுவைக் கொண்டுவருவது அரிது. முதலில் சற்றுத் தள்ளி நின்று, கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், அதிக பாரத்தால் சேசிஸ் பின்பக்கம் தொங்கிவிட்டது என்று பொருள். பின்தொட்டியைக் கழற்றி வேறு விதமாகப் பொருத்தி இதை மறைப்பவர்கள் உண்டு என்பதால், பின்தொட்டி போல்ட்டுகளில் புதிய சாவித் தடம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

அடியில் படுத்தால், லீஃப் ஸ்பிரிங்கின் முனைகள் சேசிஸோடு சேரும் தாங்கிகளைச் சுற்றிலும் துரு, விரிசல், புது வெல்டிங் ஆகியவற்றைத் தேடுங்கள். சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இரும்பு கணீரென்றும், உள்ளே அரித்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார்ப் பூச்சு பூசப்பட்டிருந்தால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. ஸ்பிரிங் பட்டைகள் வெற்று வண்டியில் மேல்நோக்கி வளைந்த வில்லாக இருக்க வேண்டும். தட்டையாகிவிட்டால் நிறைய சுமந்து ஓய்ந்தவை. கூடுதல் பட்டை சேர்க்கப்பட்டிருப்பதும், ஸ்பிரிங்குக்கு மேலே காற்றுப்பை பொருத்தப்பட்டிருப்பதும் அந்த வண்டி வரம்பு மீறிச் சுமந்ததற்கான வெளிப்படையான சாட்சிகள். அதிலும் காற்றுப்பை, ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் பகிர வேண்டிய பாரத்தைச் சேசிஸின் நடுவில் ஓரிடத்தில் குவித்துவிடுவதால், மேலே சொன்ன வளைவைத் தேடும் வேலையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

பின்தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். துருவையும் பள்ளங்களையும் மூடத்தான் பலர் அதைப் போட்டு வைக்கிறார்கள். நான்கு டயர்களின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயர் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் முன்பக்க அமைப்பிலோ சேசிஸிலோ கோளாறு. அச்சின் நடுவே உள்ள கியர்ப் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் வண்டி ஆழமான நீரில் இறங்கியிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்ற ஐயம் எழுந்தால், சீட் பெல்ட்டை முழுநீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். இருக்கைகளையும் கம்பளத்தையும் கழுவுகிறவர்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை, அங்கே சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

ஓட்டமும் ஸ்கேனரும்

ஓட்டிப் பார்ப்பதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்பினால் எதுவும் தெரியாது. மேட்டில் நான்காவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வேகமும் ஏறாமல் திடீரென்று சக்தி குறைந்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால் டர்போ அல்லது அதன் குழாய்களில் பிரச்சினை. இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்ற சத்தம் கேட்டால், இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை ஃப்ளைவீல் தேய்ந்திருக்கலாம். அதைக் கிளட்ச்சோடு சேர்த்து மாற்றுவது பெரிய செலவு. நான்கு சக்கர இயக்கம் இருந்தால் மண் பாதையில் நிறுத்தி, மேல் நிலை, கீழ் நிலை இரண்டிலும் போட்டு ஓட்டிப் பாருங்கள். தேவைப்படும்போது மட்டும் போடும் பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தைக் காய்ந்த தார்ச் சாலையில் சோதிப்பது அந்தப் பாகங்களைக் கெடுக்கும். பல ஆண்டுகள் தொடாமலே விட்டதால் அசைய மறுக்கும், நான்கு சக்கர இயக்கத்தை மாற்றும் மோட்டார்கள் பழைய வண்டிகளில் சாதாரணம்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்குக் கொடுக்கும் கூலி வீணாகாது. பிழைக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு அவர் நின்றுவிடக் கூடாது. வடிகட்டியில் எவ்வளவு கரி தங்கியிருக்கிறது, கடைசியாக எரிப்பு முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கணினி எவ்வளவு திருத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பவற்றையும் வாங்கிப் பாருங்கள். ஒரே ஒரு சிலிண்டரின் திருத்த அளவு மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் அந்த இன்ஜெக்டர் ஓய்ந்துவருகிறது. குறியீடு ஒன்றுமில்லை, ஆனால் சுயசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ அழித்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடிய மணிநேரம் கிடைக்கும் மாடல் என்றால், கிலோமீட்டரை அதனால் வகுத்துப் பாருங்கள். 1,50,000 கிலோமீட்டருக்கு 3,000 மணி என்றால் சராசரி 50 கிலோமீட்டர் வேகம், நல்ல ஓட்டம்; அதே தூரத்துக்கு 7,500 மணி என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர்தான், நின்ற இடத்தில் மிக அதிகமாக ஓடிய இன்ஜின் அது.

காகிதங்கள், விலை, முதல் சர்வீஸ்

சேசிஸில் பொறித்த அடையாள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் அது 17 எழுத்து-எண்கள் கொண்டது. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வரவே வராது என்பதால், அவற்றில் ஒன்று தென்பட்டால் ஐயப்பட வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று தேடுங்கள்; விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறும் குறையால் உலகெங்கும் பல கோடி வாகனங்களைத் தொட்ட தகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் பிக்கப்களும் அடங்கும், இந்த மாற்று வேலை இலவசமானது. கடன் நிலுவை உண்டா என்பதும், வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் குடும்பப் பயணத்துக்குக் காப்பீடு செல்லுமா என்பதும் பணம் கைமாறுவதற்கு முன்பே எழுத்தில் தெளிவாக வேண்டியவை.

சர்வீஸ் பதிவுகளில் நான் முதலில் தேடுவது, இன்ஜின் சுழற்சிக்கு ஏற்ப வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் பற்றிய வரியை. டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 3.0 லிட்டர் 1கேடி, மிட்சுபிஷியின் 2.5 லிட்டர் 4டி56 ஆகிய இன்ஜின்களில் பெல்ட் உண்டு; இசூசுவின் 3.0 லிட்டர் 4ஜேஜே1, நிசானின் 2.5 லிட்டர் ஒய்டி25, டொயோட்டாவின் 2015-க்குப் பிந்தைய 2.8 லிட்டர் 1ஜிடி ஆகியவற்றில் செயின். செயின் என்றால் மாற்ற வேண்டிய காலக்கெடு இல்லை, ஆனால் ஆயிலைத் தாமதமாக மாற்றிய வண்டியில் அது நீண்டு, குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது சலசலக்கும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். "போன வருடம்தான் மாற்றினோம்" என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள். டயர், கிளட்ச், ஸ்பிரிங் புஷ் என நீங்கள் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசினால், வாய்ப்பேச்சில் இறங்காத விலையும் இறங்கும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், இரண்டு டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் ஆயில், பிரேக் திரவம், கூலண்ட், டீசல் ஃபில்டர் ஆகிய எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். துகள் வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லையேல் எரிக்கவே முடியாத சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். பழைய டீசல் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் கவிழ்த்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ துருத்தூள் படிந்தாலோ, டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்யும் வரை பாரமேற்றவோ நெடுந்தூரம் கிளம்பவோ வேண்டாம்.